மூன்றும் இருக்கிறது என்றார் மாமா

இங்கே ஸ்காட்லாந்தில் நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவரின் முகம் ஒட்டியிருக்கும். வாய் ஒரு பக்கம் கோணிய முகம். நம் ஊரில் முகம் போட்டு போஸ்டர் ஒட்டினால் ஒன்று தேர்தல், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. வந்த புதிதில், பக்கத்து சீட் அம்மாவிடம் "எப்போது இறந்தார்?" என்று துக்கமாகக் கேட்டுவிட்டேன். அவர் "நோ நோ" என்று பதறிப்போய்க் கீழே இருந்த எழுத்தைக் காட்டினார். முகம் கோணினால், கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் அது ஸ்ட்ரோக். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று போட்டிருந்தது.

எங்கள் காட்டுமன்னார்கோயிலில் அதற்குப் பெயர் வாதம். கை கால் இழுத்துக்கொண்டால் புறா ரத்தம் தேய்ப்பார்கள். பெரியப்பாவுக்கும் தேய்த்தார்கள், படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஞாபகத்தில், அக்கா வீட்டுக்காரரிடம் போனில் இந்தப் போஸ்டரை ஒப்பித்தேன். மாமாவுக்கு ரைஸ் மில்லில் வேலை. ஒரு விஷயம் கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. மில்லில், டீக்கடையில், சிதம்பரம் டவுன் பஸ்ஸில், "எங்க, சிரி பாப்போம், கையத் தூக்கு" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் காலத்தில் கடலூரில் கப்பலை விட்டு இறங்கியவர்களும் அம்மைக்குத் தடுப்பூசி உண்டென்ற சேதியை இப்படித்தான் கடைத்தெருவில் சொல்லியிருப்பார்கள். எத்தனை பேர் சிரித்தார்களோ. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஊரே நம்பியது. அதுதான் வினையாகிப்போனது.

ஊரிலிருந்து யாரும் எனக்குப் போன் போட்டுப் பேச மாட்டார்கள். மிஸ்டு கால் கொடுப்பார்கள். நான் திருப்பிக் கூப்பிட வேண்டும். இங்கே வந்து பிழைக்கிற எல்லோர் வீட்டிலும் இதே வழக்கம்தான். 2011-இல் ஒரு நாள், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், வரிசையாக மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"மச்சான், ஒங்கப்பாவுக்கு நீ சொன்னது மூணும் இருக்கு. வாயி கோணிகிச்சு, வலது கை தூக்க வரல, பேச்சு கொழறுது. நாந்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்."

மாமாவின் குரலில் பயம் இருந்தது. பரீட்சையில் பாஸான பெருமையும் கொஞ்சம் இருந்தது.

"சிதம்பரம் போயிட்டீங்களா மாமா?"

"இல்ல மச்சான், ஆட்டோ வாசல்லயே நிக்குது. புறா ரத்தம்னு ஒருத்தன் வந்தான், தொரத்திட்டோம். வாயில ஒரு சொட்டு தண்ணிகூட ஊத்தல. எந்த ஆஸ்பத்திரி, என்னா ஊசின்னு நீதான சொல்லணும்? மதியத்துலேருந்து ஒம் போனுக்குத்தான் காத்துகினு இருக்கோம்."

"ஐயோ, மொதல்ல தூக்கிட்டுப் போங்க மாமா!" என்று கத்தினேன். லாக்கர் ரூமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிதம்பரத்தில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாமே என்றாராம்.

யாரை நோவது? நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். அவர்களும் அப்படியே கேட்டார்கள். சேதி கொண்டுவந்தவனைக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று மரியாதை கொடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த மரியாதை எனக்கு வேண்டாம் என்று இப்போது யாரிடம் போய்ச் சொல்ல? மாமாவைத் திட்டக்கூட மனசு வரவில்லை. அவர் இன்றைக்கும் என்னிடம் பேசினால் அழுகிறார்.

அப்பாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. ஆனால் இடது கைக் கட்டைவிரலால் மிஸ்டு கால் கொடுக்கப் பழகிக்கொண்டார். இன்று காலை பஸ்ஸில் ஏறியதும் வந்தது. திருப்பிக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு. அதற்கும் பின்னால் தெருவில் டவுன் பஸ் ஹாரன். போனைக் காதில் வைத்தபடி அந்தக் கோணல் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர், "நோ ஆன்சர்?" என்று பரிவாகக் கேட்டார்.

"அப்பா" என்றேன். "பேசிக்கொண்டிருக்கிறோம்."

அவருக்குப் புரியவில்லை. அங்கே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே நான் இறங்க வேண்டிய ஸ்டாப் கடந்து போனது.