பேசுவதற்கு ஒரு சந்தா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதம் இடவப்பாதி என்கிற பருவமழை தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு நானும் என் மனைவியும் மட்டும்தான்.

என் மனைவியின் சித்தி மகள் ஒருத்தி, அதற்கு முந்தின வருடமே ஒரு ஆப்பைப் பற்றிச் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டாள். வழக்கமான சோஷியல் மீடியா மாதிரிதான். படம் போடலாம், எழுதலாம், மற்றவர்கள் போடுவதற்குப் பதில் எழுதலாம். எல்லாவற்றுக்கும் பாயிண்ட் உண்டு, பாயிண்ட் சேர்ந்தால் பணம். ஆனால் உள்ளே போகச் சந்தா கட்ட வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "காசு குடுத்தா பேசணும்? சாலையில போயி நின்னா சும்மாவே ஆயிரம் பேரு பேசுவானே!" என்றேன்.

"உங்களுக்குக் கடையில ஆளு உண்டு. எனக்கு இங்க யாரு உண்டு?" என்றாள் அவள்.

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டியிருப்பேன்.

மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பி வெண்டை, பாகல், தக்காளி எல்லாம் வளர்த்தாள். அவற்றைத்தான் படம் எடுத்துப் போடுவாள். சாப்பிடும்போது, "இன்னைக்கு நாப்பது பேரு பேசியிருக்கா" என்று சொல்வாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஒரு நாள் நான் வரலைன்னா தேடுவா, கேட்டேளா" என்பாள்.

ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மகளும் மருமகனும் ஊருக்குப் போன பிறகு அவள் போனைத் திறந்தேன். தேடுவார்கள் என்று சொன்னாளே, அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா? அவள் கணவன் எழுதுகிறேன் என்று தொடங்கி, நடந்ததை நாலு வரியில் எழுதினேன். தக்காளிச் செடிக்குப் பக்கத்தில் அவள் நிற்கும் படம் ஒன்றையும் போட்டேன்.

கொஞ்ச நேரத்திலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. 'அருமையான பதிவு.' 'சூப்பர் சிஸ்டர், தொடருங்கள்.' 'உங்கள் தோட்டம் மிக அழகு, வாழ்த்துகள்.' கட்டை விரல் படங்கள், கைதட்டும் படங்கள். ஒருவர் காலை வணக்கம் போட்டிருந்தார். நாலைந்து பேர் மட்டும் இரங்கல் எழுதியிருந்தார்கள்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இத்தனை பதில் போட்டால்தான் பாயிண்ட் என்று ஒரு கணக்கு இருந்ததாம். சந்தா கட்டியவன் கட்டிய காசைத் திரும்ப எடுக்க வேண்டாமா? போகிற போக்கில் என் மனைவியின் சாவுக்கும் ஒரு 'சூப்பர்' போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு அவள் மற்றவர்களுக்கு எழுதியதைத் தேடிப் படித்தேன். 'பிள்ளைக்கு ஜுரம் விட்டாச்சா?' 'மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாங்களா?' ஒவ்வொன்றையும் படித்துத்தான் எழுதியிருக்கிறாள், பைத்தியக்காரி.

அன்று சாயங்காலம் அவளைச் சேர்த்துவிட்ட சித்தி மகள் போன் செய்தாள். துக்கம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன்.

"அத்தான், அக்காவுக்க போஸ்ட் நல்லா போவுது, பாத்தேளா? இன்னும் ரெண்டு மூணு போட்டோ போடுங்கோ. மெம்பர்ஷிப் தீரதுக்கு முன்ன பாயிண்ட எடுத்துரலாம். சும்மா எதுக்கு விடணும்?"

போனை வைத்துவிட்டேன். அவளோடு இன்றுவரை நான் பேசவில்லை.

அந்தப் பதிவை அழித்துவிடுவோம் என்று சில நாள் கழித்து முயன்றபோது, சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்தால்தான் எதையும் மாற்ற முடியும் என்று வந்தது. பதில்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அலமாரியில் கிடந்த அவள் போன் அவ்வப்போது டிங் என்று சத்தம் போடும். எடுத்துப் பார்த்தால் 'அருமை' என்றிருக்கும்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் வித்துராவில் தையல் வேலை செய்கிறாராம். பெற்றோர் எஸ்டேட்டில் வேலை பார்த்த தமிழர்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாலையில் ஒவ்வொரு அரிசிக் கடையாக ஏறி, "கணக்கு எழுதுற தமிழ் சார், மனைவி தவறிப்போனவர்" என்று கேட்டே வந்திருக்கிறார்.

"நான் சேச்சிக்க கூட்டுக்காரி சாரே. அந்த ஆப்புல" என்றார். என் மனைவியைத்தான் சேச்சி, அதாவது அக்கா என்கிறார்; அவளுடைய சிநேகிதியாம்.

எனக்கு உள்ளே குபுகுபுவென்று கோபம் வந்தது. "அங்கயே எழுதியிருக்கலாமே! எல்லாரும் எழுதுறாங்களே" என்றேன்.

"எனக்கு மெம்பர்ஷிப் தீர்ந்துபோச்சு சாரே. பைசா அடைக்கலேன்னா வாசிக்கலாம், எழுத முடியாது. போன் நம்பர் அங்க குடுக்கவும் பாடில்ல, குடுத்தா அக்கவுண்டைப் பூட்டிருவாங்க. சார் சாலையில அரிசிக் கடையில கணக்கு எழுதுறாருன்னு சேச்சி முன்ன சொல்லியிருந்தாங்க, அதான் நேர்ல வந்தேன்."

முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாடியைப் பார்க்க வேண்டும் என்றார். செடிகளை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். தக்காளி முழுக்க மழையில் அழுகிவிட்டது. அவர் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தார். எது எப்போது நட்டது, எதில் பூச்சி விழுந்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"படி ஏறினா மூச்சு முட்டுது, இடது கை கடையுதுன்னு சேச்சி எனக்குத் தனி மெசேஜுல எழுதினாங்க சாரே. உடனே டாக்டரைக் காணணும்னு நான் சொன்னேன். செரி, போறேன்னாங்க. போனீங்களான்னு பின்ன கேக்கணும்னு இருந்தேன், அதுக்குள்ள மெம்பர்ஷிப் தீர்ந்துபோச்சு. மகளுக்கு ஸ்கூல் திறக்குற மாசம். அடுத்த மாசம் அடைக்கலாம்னு இருந்துட்டேன். அடைச்சிருந்தா கேட்டிருப்பேன். ரெண்டாவது தடவை கேட்டிருந்தா சேச்சி போயிருப்பாங்க, இல்லையா சாரே?"

அவள் என்னிடம் மூச்சு முட்டுகிறது என்று சொன்னதே இல்லை. கை வலிக்கிறது என்றும் சொன்னதில்லை.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். பாதிதான் குடித்தார். தம்பானூர்வரை கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டேன். இப்போதும் எப்போதாவது அவர் போன் செய்து நான் மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பதுண்டு.

மறுநாள் அந்தச் சந்தாவைக் கட்டினேன். எந்தக் காசுக்காக அவளோடு சண்டை போட்டேனோ, அதே காசு. கட்டிய உடனே, 'மீண்டும் வருக சகோதரி! உங்கள் நண்பர்கள் காத்திருக்கிறார்கள்' என்று செய்தி வந்தது. பதிவை அழித்தேன், பிறகு கணக்கையும் மூடினேன். சேர்ந்திருந்த பாயிண்ட் எல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன்.

இந்த மாதிரி ஆப்களில் காசு கட்டிச் சேரலாமா என்று கடையில் யாராவது பேச்செடுத்தால் லாப நஷ்டம் பார்த்து ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். நான் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வேன். அவள் கட்டிய காசுக்கு ஒரே ஒரு உண்மையான ஆள் கிடைத்தார், அவர் வாயையும் சந்தா தீர்ந்ததென்று அடைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதைவிடக் கசப்பாக ஒன்று தினமும் என்னோடு சாப்பிட உட்காருகிறது: என்னிடம் சொல்ல அவள் ஒரு பைசாவும் கட்ட வேண்டியிருக்கவில்லை, அப்படியிருந்தும் அவள் என்னிடம் சொல்லவில்லை.