ஜெயபாரதியின் நாள்காட்டித் தாள்கள்

தொண்ணூற்றொன்பதாம் வருடம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை, ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஒன்றின் மைக்கில் ஜெயபாரதியின் பெயர் ஒலித்தது. "கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஜெயபாரதி உடனே கேஷ் கவுண்டருக்கு வரவும்." தொலைந்துபோன குழந்தைகளையும் குறுக்கே வண்டியை விட்டவர்களையும் கூப்பிடும் அதே மைக்.

கவுண்டரில் முதலாளி சண்முகவேல் நின்றிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கடையில் எல்லாருக்கும் அண்ணாச்சி.

"ஏம்மா, லைன் மறுபடியும் போயிட்டு. ஒரு பில்லும் குடோனுக்குப் போவ மாட்டேங்கு. சேலை இருக்கா இல்லையான்னு கேக்க ஆளு ஓடிக்கிட்டு இருக்கான். அங்கன உக்காந்து என்னத்த நோண்டுத?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி."

"நீ பண்ணாம மிஷினு தன்னால பண்ணுதா? இஞ்சினியரு ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு, உன் தப்புதான்னு. நாளையிலேருந்து மூணாவது மாடியில போயி சேலை மடி. கம்ப்யூட்டருக்கு வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்திருந்தார். மூன்று மாடியிலும் இருந்தவர்கள், விலை கேட்க வாயைத் திறந்தவர்கள்கூட அப்படியே நின்று கேட்டார்கள். ஜெயபாரதி தன் அறைக்குத் திரும்பினாள். முகம் எரிந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வராமல் என்ன செய்யும்? சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் டைப் அடிப்பவரின் மகள். கணக்கில் பட்டம் வாங்கி, பிறகு இரண்டு வருடம் மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் படித்து, தினமும் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தள்ளி மாம்பலத்தில் இறங்கி, நாலு வருடமாக அந்தக் கடையின் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவள். சேலை மடிப்பது இழிவான வேலையில்லை. செய்யாத தப்புக்குத் தண்டனையாக மடிப்பதுதான் இழிவு.

லைன் என்று அண்ணாச்சி சொன்னது கம்பி இல்லாத லைன். கடையில் போடும் பில், உஸ்மான் ரோடு குடோனின் கம்ப்யூட்டருக்குக் காற்றிலேயே போய்ச் சேர வேண்டும். அதற்காக மே மாதம் மொட்டைமாடியில் ஒரு கம்பம் நட்டு, குடோன் பக்கம் பார்த்த மாதிரி ஆன்டெனா வைத்தார்கள். வைத்த கம்பெனிக்காரர்கள் கறுப்புத் திரையில் தட்ட ஒரு கட்டளையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அதைத் தட்டினால் லிங்க் குவாலிட்டி என்று ஒரு எண் வரும். தொண்ணூற்றிரண்டுக்கு இத்தனை என்று காட்டும். நாற்பதுக்கு மேல் இருந்தால் பில் பறக்கும். பத்துக்குக் கீழே போனால் நின்றுவிடும்.

அந்த எண்ணைக் குறித்து வை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே தினம் நாலு வேளை தட்டிப் பார்த்து, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில், அன்றைய தாளின் ஓரத்தில் எழுதினாள். மறுநாள் கிழித்த தாளை எறியாமல் கிளிப்பில் போட்டு வைத்தாள். அந்தக் கம்பெனி இஞ்சினியர் கிரீஷிடம் ஒருமுறை அதைக் காட்டியும் பார்த்தாள். கழுத்தில் டையும் காலில் பளபளக்கும் ஷூவுமாக வருகிற மயிலாப்பூர்க்காரன். தாளை அவன் கையில்கூட வாங்கவில்லை.

"காலண்டர்ல எழுதி வெச்சுண்டு டெக்னிக்கல் பேசாதீங்கோ மேடம். நீங்க எதையோ தப்பாத் தட்டியிருக்கேள். நான் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், தானா சரியாயிடும்."

சில நாளில் எண் கொஞ்சம் ஏறும். பார்த்தீர்களா என்று அவன் போனில் பெருமை அடித்துக்கொள்வான். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான், இரண்டு தடவை. ஒருதடவையாவது மாடியேறி ஆன்டெனாவைப் பார்த்தானா? இல்லை. சாமி கும்பிடுகிற இடம் என்று அண்ணாச்சி மொட்டைமாடியில் செருப்பு, ஷூ எதையும் அனுமதிப்பதில்லை. வெறுங்காலோடு சுடுதளத்தில் நடக்க இஞ்சினியருக்கு மனம் வரவில்லை. அந்தச் சொகுசுக்கு விலை இவள் பெயர்.

ஜெயபாரதி கட்டளையைத் தட்டினாள். ஏழு. நேற்றுச் சாயங்காலம் நாற்பத்து மூன்று. பல்லைக் கடித்துக்கொண்டு கிளிப்பிலிருந்த தாள்களை எல்லாம் மேஜையில் பரப்பினாள். எண் திடீரென்று விழுந்த நாள் எது எது என்று தேடி எடுத்தாள். ஜூன் பதின்மூன்று. ஜூலை பன்னிரண்டு. இன்று ஆகஸ்ட் பதினொன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, மூன்றிலும் தேதிக்கு அருகே ஒரே மாதிரி கறுப்பு வட்டம் இருந்தது.

அமாவாசை.

நிலாவுக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் எண் பொய் சொல்லவில்லையே. மாடியைப் பெருக்கித் தொட்டியைக் கழுவும் தாயம்மாவைப் பிடித்தாள்.

"தாயம்மாக்கா, அமாவாசைக்கு மேல இன்னா நடக்குது?"

"இன்னா நடக்கும்? கடை தொறக்கறதுக்கு முன்னாடி அண்ணாச்சி பழைய பூசணிக்காயக் கழட்டிட்டுப் புதுசா கட்டுவாரு. திருஷ்டிக்கு. அந்தக் கம்பத்தைத்தான் தெருவே வாயப் பொளந்து பாத்துக்கினு கீதே."

"கம்பத்துலயா கட்றாரு?"

"வந்து பாரேன்."

மொட்டைமாடிச் சாவி தாயம்மாவிடம் இருந்தது. ஜெயபாரதி சூடு தாங்காமல் தத்தித் தத்தி நடந்து போய்ப் பார்த்தாள். முறைத்த கண்ணும் கோரைப் பல்லும் மீசையும் வரைந்த ஒரு பெரிய பூசணிக்காய், பத்து கிலோ தேறும், ஆன்டெனாவின் முகத்துக்கு நேர் எதிரே, அதை உரசிக்கொண்டு தொங்கியது. உள்ளே அத்தனையும் தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் குடித்துவிடும் என்று படித்திருக்கிறாள். வெயிலில் காய் அழுகி நீர் வடிய வடிய எண் மெல்ல ஏறியிருக்கிறது. அடுத்த அமாவாசைக்குப் புதுக்காய் வந்ததும் விழுந்திருக்கிறது. கிரீஷின் ரீஸ்டார்ட்டாவது, மண்ணாங்கட்டியாவது!

"அதுல கை வெக்காதம்மா, அண்ணாச்சி தொலைச்சிடுவாரு!" என்றாள் தாயம்மா.

"அவரு ஏற்கெனவே என்னைத் தொலைச்சிட்டாருக்கா."

காயை அவிழ்த்து, கட்டிப்பிடித்துத் தூக்கிப்போய், தண்ணீர்த்தொட்டிக் குழாயில் தொங்கவிட்டாள். கீழே ஓடிவந்து கட்டளையைத் தட்டினாள். நாற்பத்து நான்கு. மறுபடி மேலே போய்ப் பழைய இடத்திலேயே கட்டிவிட்டு வந்தாள். ஏழு. உள்ளங்கால் கொப்புளித்துவிட்டது. நேராகப் போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, தாள் மூன்றையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த எண்ணையே பாருங்க அண்ணாச்சி. இப்ப தாயம்மாக்கா மேல பூசணிக்காய நகத்துவாங்க."

வாசலில் நின்ற தாயம்மா அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் மாடியேறினாள். ஜெயபாரதி மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தாள். ஏழு, ஏழு, ஏழு. பிறகு நாற்பத்து நான்கு. காலையிலிருந்து முடங்கிக் கிடந்த பில்கள் மளமளவென்று குடோனுக்குப் போயின. அண்ணாச்சி தாளில் இருந்த கறுப்பு வட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ திருஷ்டிக்கு?"

"தொட்டிக் குழாயிலயே இருக்கட்டும். பூசணிக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

வேறு யாருமில்லாத அந்த அறையில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரிம்மா, தெரியாம சொல்லிட்டேன். மாடிக்கெல்லாம் போவாண்டாம். நீயே இங்கன இரி. மனசுல வச்சிக்கிடாத."

"காலையில நீங்க திட்டுனது மூணு மாடிக்கும் கேட்டுது அண்ணாச்சி," என்றாள் ஜெயபாரதி. "இப்ப சொல்றது எனக்கு மட்டும்தானே கேக்குது?"

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். வேலை போனது என்றுதான் அவள் நினைத்தாள். போனால் போகட்டும் என்று கிரீஷின் ரிப்போர்ட் இரண்டையும் எடுத்து, 'ஆபரேட்டர் தவறு' என்ற வரியைப் பேனாவால் அடித்தாள்.

அப்போது கூரையில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஜெயபாரதி மேல ஒரு தப்பும் இல்ல. காலையில நான் பேசுனதுதான் தப்பு. லைன மறிச்சது நான் கட்டுன பூசணிக்கா." அதே மூச்சில், "வாங்க, வாங்க, மேல் மாடியிலயும் தள்ளுபடி இருக்கு."

என்ன பூசணிக்காய், எந்த லைன் என்று விளங்காமல் வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் கை தட்டினார்கள்.