இரண்டாவது ஷீட்

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு விழாக் குழுச் செயலாளர் தன் பென்டிரைவை வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்பார். கடைக்குள் நுழைந்ததும் அந்தக் கொத்தை அப்படியே என் மேசைமேல் வீசுவார். கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. முறைக்கு எனக்குப் பெரியப்பா ஆக வேண்டும், அந்த உரிமையில் வீசுகிறார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இலுப்பூரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி மையம் வைத்திருக்கும் எனக்கு வீசி எறிகிறவர்கள் புதிதில்லை. ஆனால் எறிந்துவிட்டு, பழியையும் என் தலையில் கட்டியவர் அவர் ஒருவர்தான்.

காளைகளின் பட்டியலை அவர் எக்செல்லில் வைத்திருப்பார். காளையின் நிறம், உரிமையாளர் பெயர், ஆதார் எண், மருத்துவச் சான்று என்று கட்டம் கட்டமாக இருக்கும். பதிவு செய்யும் இணையதளம் அதை வாங்கிக்கொள்ளாது. கட்டங்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவே ஒரு கமா மட்டும் வைத்த வெறும் எழுத்தாக, சி.எஸ்.வி. கோப்பாக மாற்றிக் கொடுத்தால்தான் ஏற்கும். இரண்டு நிமிட வேலைதான். அந்த இரண்டு நிமிட வேலையால் என் தம்பி என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை.

முதல் வருடம் நடந்தது இது. தம்பி தன் செவலைக் காளையைக் கன்றிலிருந்து வளர்த்தவன். கண்மாயில் நீச்சல் பழக்கி, கொம்பால் மண் குத்தப் பழக்கி, தான் சாப்பிடுகிறானோ இல்லையோ அதற்குப் பருத்திக்கொட்டை தவறாமல் வைப்பான். செவலையின் விவரங்களைச் செயலாளரிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கோப்பு என்னிடம் வந்தபோது, ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாமே என்று கேட்டேன். “படிச்சுப் பாக்குற வேலையெல்லாம் ஒனக்கு வேணாம் ஆத்தா. மாத்திக் குடு, போதும்” என்றார். மாற்றிக் கொடுத்தேன். செவலைக்குக் களத்தில் இறங்க டோக்கன் வரவில்லை. தம்பி போய்க் கேட்டதற்கு, கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது சொன்னார்: “நான் எழுதித்தான்ப்பா குடுத்தேன். ஒங்க அக்காதான் கம்ப்யூட்டர்ல மாத்துறப்ப விட்டுருச்சு.”

கடைக்கு வந்து, அவர் கொடுத்த கோப்பைத் திறந்து பார்த்தேன். வரிசை எண் நாற்பத்தொன்றுக்கு அடுத்து நாற்பத்து மூன்று. நாற்பத்திரண்டாவது வரியைத் தூக்கிவிட்டு, கடைசியில் வேறு யாருக்கோ இடம் கொடுத்திருந்தார். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். “சொந்த வீட்டு மாட்டையே மறந்துட்டு, இப்ப எதையாவது திருத்தி வச்சுக்கிட்டுக் காட்டுறியா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அதன்பிறகு என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போவான். செயலாளர்மேல் எனக்கு வந்தது வெறும் கோபமில்லை. அவரை ஊர் நடுவே நிற்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று கறுவிக்கொண்டேன்.

அடுத்த வருடம் தானாகவே வந்து மாட்டினார். சாவிக்கொத்து வழக்கம்போல மேசைக்குப் பறந்து வந்தது. கோப்பில் இந்த முறை இரண்டு ஷீட். முதல் ஷீட்டில் ஊர்க்காரர் காளைகள். இரண்டாவதுக்கு ‘நம்ம ஆளுங்க’ என்று பெயர் வைத்திருந்தார். அதில் அவருடைய மயிலைக் காளையும், மச்சான்மார், சம்பந்திகளின் காளைகளுமாக மொத்தம் ஏழு. சி.எஸ்.வி.யாக மாற்றும்போது திறந்திருக்கும் ஒரு ஷீட்தான் போகும், மற்றது போகாது. இது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். திரையில் திறந்திருந்தது முதல் ஷீட். மாற்றும் கட்டளையைக் கொடுத்ததும், அதையே எச்சரித்து ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது.

“என்னாத்தா கேக்குது?” என்றார்.

“சரியான்னு கேக்குது பெரியப்பா.”

“சரின்னு குடு. இதையெல்லாம் எங்கிட்டக் கேட்டுக்கிட்டு.”

கொடுத்தேன்.

மயிலையைக் குளிப்பாட்டி, கொம்பில் வண்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டுக் கூட்டிவந்திருந்தார். வாடிவாசலுக்குப் போகும் வரிசையில் டோக்கன் இல்லை என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான்மார் அவரைச் சுற்றி நின்று கத்தினார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு காட்சி விடாமல் பார்த்தேன். இனித்தது. பாவமே என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவர் இணையதளத்தைத்தான் திட்டினார். இந்த வருடம் பதிவு தொடங்கியதும் கடைக்கு வந்து, பக்கத்து டீக்கடைக்கு வந்த நாலு பேர் டம்ளரோடு என் வாசலில் நிற்க, எனக்கே ஆறுதல் சொன்னார். “ஒம்மேல தப்பில்லாத்தா. வெப்சைட்டுக்காரன் காலை வாரிட்டான்.” எனக்குத் தாங்கவில்லை. செய்தது நான் என்று அவருக்குத் தெரியாமலே போனால், வெயிலில் நின்ற அந்த மத்தியானம் யார் கணக்கில் சேரும்?

“வெப்சைட் இல்ல பெரியப்பா, நான்தான். ரெண்டாவது ஷீட்டு போகாதுன்னு தெரிஞ்சேதான் சரின்னு குடுத்தேன்.”

முகம் கறுத்துப்போய் எழுந்தார். “அடிப்பாவி! ஒந்தம்பி மாட்ட ஒரே ஒரு வருசம் எடுத்துவிட்டேன். அதுக்கா ஏழு மாட்ட நிறுத்துன?”

வாசலில் நின்ற நாலு பேரும் டீ டம்ளரை இறக்காமல் அவரையே பார்த்தார்கள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. “அதுக்குத்தான்” என்றேன். சாவிக்கொத்தைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார்.

டீ குடித்தவர்கள் காதில் விழுந்த பேச்சு எங்கள் ஊருக்குப் போய்ச்சேர அடுத்த பேருந்து போதும். சாயங்காலம் தம்பி வந்தான். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பதுபோல நின்றான். “அக்கா” என்றான். இரண்டு வருடம் கழித்துக் கேட்ட குரல். திரும்பிப் பார்க்காமல் விசைப்பலகையில் எதையோ தட்டினேன்.

“உக்காரு. முன்னாடி ஆளுங்க இருக்காங்க, முடிச்சுட்டு வாரேன்” என்றேன்.

கடையில் என்னையும் அவனையும் தவிர யாரும் இல்லை.