எந்த ஊர் பாலாஜி?

கம்ப்யூட்டர் வேலை என்றால் மூளை வேலை என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி நாள் அது தேடுகிற வேலை. இருபது கருப்பு ஜன்னல்களை ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து வைத்துவிட்டு, வேண்டியது எதற்கு அடியில் கிடக்கிறது என்று தெரியாமல் முழித்தவரா நீங்கள்? வாருங்கள், நம் இனம்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனி. சுற்றுவட்டார லாட்ஜுகளின் ரூம் புக்கிங்கைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். ஒவ்வொரு லாட்ஜுக்கும் என் திரையில் ஒரு ஜன்னல். எழுத்து மட்டும் ஓடும், படம் கிடையாது. புக்கிங் அந்த ஜன்னலுக்குள்தான் நடக்கும். ஜன்னலை மூடினால் அங்கே லாட்ஜில் புக்கிங் படுத்துவிடும்.

சாவி

காணிப்பாக்கம் விநாயகா லாட்ஜிலிருந்து ஓனர் போன் செய்தார். ஏதோ ரூம் காலியாக இருந்தும் காலி இல்லை என்று காட்டுகிறதாம். "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தேன். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று, அதை நகர்த்தினால் வேறொன்று. எல்லாம் ஒரே கருப்பு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தேடுகிறேன், தேடுகிறேன், விநாயகா மட்டும் அகப்படவில்லை.

அந்தப் பக்கம் மனுஷன் பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில் சொன்னார்: "ஏம்மா, ரூம் கேட்டு வந்தா நான் உடனே சாவி எடுத்துக் குடுக்கறேன். நீ என் லாட்ஜயே இன்னும் தேடிக்கினு கீறியா?"

வா

ரோஷம் வந்துவிட்டது. ஜன்னலைத் தேடிக்கொண்டு நாம் போவானேன், அது நம்மிடம் வரட்டுமே! ஜன்னலின் தலைப்பில் உள்ள லாட்ஜ் பேரை ஒரு கமாண்டோடு சேர்த்து அடித்தால் அந்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நிற்கும் என்று படித்தேன். கமாண்ட் ரயில் மாதிரி நீளம். அதைச் சுருக்கி 'வா' என்று பேர் வைத்தேன். எழுத்து ஆங்கிலம், வார்த்தை நம்முடையது. 'வா விநாயகா' என்று அடித்தால் விநாயகா லாட்ஜ் டக்கென்று வந்து நிற்கும். மவுஸுக்குத் தூசி படிய ஆரம்பித்தது.

எங்கள் மேனேஜர் சுதாகர் சார் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். பெங்களூர் ஹெட் ஆபீஸில் ஒரு இடம் காலி, எங்கள் கிளையிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். குடிபாலாவில் கரும்பு வெட்டப் போகிற வீட்டுப் பெண் நான். ஆசைப்படுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னார்: "பாக உந்தி மா, நல்லாருக்கு. பெங்களூர்லருந்து பெரியவர் வந்து பாப்பாரு. அதுவரைக்கும் ஒரு கஸ்டமரும் கம்ப்ளைன்ட் பண்ணக்கூடாது, அந்தே, அவ்ளோதான்."

சாமிமேல் கில்

பக்கத்து சீட் முனிரத்தினம், நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. ஒருநாள் விநாயகா ஜன்னல் உறைந்துபோய் அசைய மறுத்தது. "பேரைச் சொல்லி கில் கொடு, செத்துடும், மறுபடி திறந்துக்கலாம்" என்றேன். கில் என்று அடித்தான். விநாயகா என்று அடிக்க வேண்டிய இடத்தில் கையை எடுத்துவிட்டான். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய் சத்தியம் செய்யவே எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது, இவன் கொலைக்கு எப்படித் துணிவான்?

சிரித்தேனே தவிர, எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றாலே வாயில் போடுகிறவர்கள் நாம். ஆகவே கில் கமாண்டுக்கு 'போயிட்டுவா' என்று பேர் மாற்றிக் கொடுத்தேன். பயபக்தியோடு 'போயிட்டுவா விநாயகா' என்று அடித்தான், ஜன்னல் மூடியது. முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்: "இப்பதான்க்கா மரியாதையா கீது!"

நாலு பாலாஜி

மரியாதைதான் வினை. கில் என்றால் பயந்து பயந்து அடித்திருப்பான். 'போயிட்டுவா' என்றதும் பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி தாராளமாக அடிக்க ஆரம்பித்துவிட்டான். சித்தூர் பாலாஜி லாட்ஜ் ஜன்னல் தகராறு செய்ததும் 'போயிட்டுவா பாலாஜி' என்று தட்டினான். எங்கள் சீமையில் லாட்ஜுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? எங்களிடம் நாலு ஊரில் நாலு பாலாஜி இருந்தார்கள். நாலு பேரும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை வேறு. மொட்டையடித்து, மலை இறங்கி வந்த ஜனம் நாலு லாட்ஜ் வாசலிலும் பெட்டியோடு நின்றது. மேனேஜர் என்னைத்தான் பார்த்தார். அடித்தவன் முனிரத்தினம், ஆனால் எழுதியவள் நான். பெங்களூர் போச்சு. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து உயிர் கொடுத்தேன். அன்று சாயங்காலமே கமாண்டையும் திருத்தினேன்: ஒரே பேரில் ரெண்டு பேர் இருந்தால் யாரையும் தொடாதே, 'எந்த ஊர்?' என்று கேள்.

அதற்கு முன்னாலேயே திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பாலாஜி லாட்ஜ்காரர் போனில் சொல்லி முடித்திருந்தார்: "மேல சாமியப் பாக்கறதுக்குக் கூட இவ்ளோ நேரம் நிக்கலன்னு சொல்றாங்கம்மா!"

பெரியவர்

பெங்களூரிலிருந்து வந்தவர் வேலூர்க்காரர். சனிக்கிழமை சமாச்சாரம் அவர் காதுக்கும் போயிருந்தது. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாலாஜியை மூடும்மா, பாக்கலாம்" என்றார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அடித்தேன். நாலு ஊரின் பேரையும் வரிசையாகக் காட்டி, 'எந்த ஊர்?' என்று கேட்டபடி திரை நின்றது.

"எந்த ஊர் சார்?" என்று நானும் கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்: "எங்க ஆபீஸ்ல மொதல்ல மூடிட்டு அப்புறம்தான் எந்த ஊருன்னு விசாரிக்கறாங்க. ஒண்ணாந்தேதி வந்து சேந்துடும்மா."

நைனா

குடிபாலாவுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் நைனா, அதான் அப்பா, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். சந்தோஷம்தான். ஆனால் பெட்டி கட்டுகிற அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என் வேலையை மறுபடி விளக்கச் சொன்னார். எல்லா ஊர் மிஷினையும் இருந்த இடத்திலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

அதற்கு அவர் கேட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்கெங்கியோ கீற மிஷினெல்லாம் திருப்பதில குந்திக்கினே கூப்புடறன்ற. பெங்களூரு மிஷின மட்டும் இன்னாத்துக்கும்மா நீ போய்ப் பாக்கணும்? அதையும் இங்கருந்தே வான்னு சொல்லேன்."

எந்த ஊர் ஜன்னலையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுவிடலாம். உத்தியோகம் மட்டும், அது இருக்கிற இடத்திலிருந்து நம்மைத்தான் கூப்பிடுகிறது.