யோர்டிஸ் வீட்டுப் பூட்டு

அந்தக் கோடையில் மூன்று தடவை யோர்டிஸ் தன் வீட்டுக் கழிவறையில் முன்பின் தெரியாத ஆட்களைப் பார்த்துவிட்டாள். முதல் ஆள் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது ஆள் காகிதம் தீர்ந்துபோச்சு என்று புகார் சொன்னார். மூன்றாவது ஆள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி, கொஞ்சம் பொறு என்று சைகை காட்டினார். அவள் வீட்டுக் கழிவறை வாசலில் அவளே காத்து நிற்க வேண்டுமாம்! பதினாறு வயதில் மீன் ஆலைக்குப் போனவள் யோர்டிஸ். நாற்பத்தைந்து வருடமாக மீன் குடலைப் பிடுங்கிய கை. எந்த நாற்றத்துக்கும் முகம் சுளிக்காதவளுக்கு அன்றைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் தாரேநெஸ் மீன்பிடிக் கிராமத்தில் இருப்பதே எண்ணூறு பேர். வெள்ளை உல்லாசக் கப்பல் ஒரு தடவை வந்தால் இரண்டாயிரம் பேரை இறக்கிவிடும். இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஊராட்சி அச்சடித்த ஒரு தாள்: ‘தாரேநெஸில் பார்க்கவும் செய்யவும் பத்து.’ கலங்கரை விளக்கம் பார், படகில் போய்க் கடற்கழுகு பார், மீன் காயும் பரண்களைப் பார். மீனையெல்லாம் ஜூனிலேயே இறக்கியாகிவிட்டது, வெறும் கம்புகளை நின்று நின்று படம் எடுக்கிறார்கள். பத்தில் ஆறாவதுதான் விஷம். ‘பழைய மீனவர் வீடு. உள்ளே போய்ப் பார்க்கலாம். கட்டணம் இல்லை.’

அப்படி ஒரு வீடு ஊரில் உண்டு. தெருக்கோடியில் இருக்கிற சிவப்பு மரவீடு. கூரை ஒழுகி, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. யோர்டிஸின் வீடும் சிவப்புதான். அந்தத் தாளில் இருந்த வரைபடத்தில் புள்ளி வைத்த புண்ணியவான் அதை அவள் வீட்டின் மேல் வைத்துவிட்டான். பூட்டிய சிவப்பு வீடு ஒன்று, திறந்த சிவப்பு வீடு ஒன்று என்றால் ஜனங்கள் எதற்குள் போவார்கள்? திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி நுழைந்தார்கள். நாயாவது செருப்போடு வராது.

ஏன் திறந்து வைத்திருந்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் கதவைப் பூட்டுவதுமில்லை, தட்டுவதுமில்லை. வருகிறவர் கைப்பிடியை அழுத்தி உள்ளே வந்து, நடையில் நின்று தொண்டையைச் செருமினால் போதும். கதவைத் தட்டுகிறவர்கள் மூன்றே பேர். பாதிரியார், வரி அதிகாரி, கடலுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று சொல்ல வருகிறவர். தட்டும் சத்தம் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் முகம் வெளுத்துப்போகும்.

அதோடு யோர்டிஸின் கதவு திறந்திருக்க இன்னொரு காரணமும் இருந்தது. அதன் பெயர் ஐலர்ட்.

அவளுடைய கணவன் எண்ணெய்க் கிணற்று மேடைக்கு வேலைக்குப் போனவன், தெற்கே ஒரு நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டு, ஒரு தபால் அட்டையில் விஷயத்தைத் தெரிவித்தான். பிள்ளை குட்டி இல்லை. அந்த வருடம் பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தபோது, நாலு வீடு தள்ளி இருந்த படகு மெக்கானிக் ஐலர்ட் வந்து சரிசெய்தான். கட்டை பிரம்மச்சாரி. காப்பி கொடுத்தாள். மறுநாளும் பதினோரு மணிக்கு வந்தான், குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆலையில் காலை ஷிப்டு முடிந்து பத்தரைக்கு அவள் வீடு வருவாள், காப்பி கொதிக்கும், கைப்பிடி இறங்கும், செருமல் கேட்கும். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடி உடைந்த நீலக் கோப்பையில் இரண்டு தடவை வாங்கிக் குடிப்பான். காற்றைப் பற்றிப் பேசுவார்கள். மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள். போய்விடுவான். யோர்டிஸின் ஒரு நாளில் அந்த அரைமணி நேரம்தான் நாள், மீதியெல்லாம் வேலை.

அந்த அரைமணியில்தான் கப்பல்காரர்கள் வந்து விழுந்தார்கள்.

ஜூலைத் தொடக்கத்திலேயே அவள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். சுற்றுலாவைக் கவனிக்கிற வில்டெ அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள்.

“இந்தப் புள்ளிய அழிடி,” என்று தாளை மேசையில் போட்டாள்.

“எட்டாயிரம் தாள் அடிச்சாச்சு அத்தை. அடுத்த வசந்தத்துல மாத்திடலாம்.”

“அதுவரைக்கும்?”

“பூட்டிக்குங்க. உலகமே கதவைப் பூட்டிக்கிட்டுதான் இருக்குது.” வில்டெ சிரிப்பை அடக்கமுடியாமல் கைபேசியை நீட்டினாள். “கோவிச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்கு நாலரை நட்சத்திரம் குடுத்திருக்காங்க. இதைப் பாருங்க. ‘ஒரு வயதான அம்மா மீனவப் பெண்ணாக நடிக்கிறார். அச்சு அசலாக இருக்கிறது. கொஞ்சம் சிடுமூஞ்சி.’”

“நடிக்கிறேனா? என் அடுப்புல என் கஞ்சியக் கிண்டறது நடிப்பா?”

“அரை நட்சத்திரம் அந்தச் சிடுமூஞ்சிக்குத்தான் குறைஞ்சிருக்கு அத்தை.”

யோர்டிஸ் திரும்பி வந்தாள். பூட்டவில்லை. ஐலர்ட் வருவானே.

வந்தான். ஜூலைக் கடைசி வியாழக்கிழமை, மழை பிடித்துக்கொண்ட காலை. முதல் கோப்பை முடிந்தது. இரண்டாவதில் பாதியிலே நிறுத்தி, கோப்பையை மேசையில் வைத்தான்.

“யோர்டிஸ்.”

“ம்.”

“குளிர்காலம் வருது.”

“வருசா வருசம் வந்துக்கிட்டுதானே இருக்கு.”

“ரெண்டு வீட்டுக்கும் விறகு எரிக்கிறது வீண்.”

ஐலர்ட் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. வேறு ஆளாக இருந்தால் மண்டியிட்டு மோதிரம் நீட்டியிருப்பான். யோர்டிஸுக்கு நன்றாகப் புரிந்தது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

கதவும் திறந்தது. மூன்று மழைக்கோட்டுகள் சொட்டச் சொட்ட உள்ளே வந்தன. ஒருவன் நேரே அடுப்புக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கி, முகர்ந்துவிட்டு, ஓங்கரிக்கிற மாதிரி சத்தம் போட்டான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி கைபேசியை ஐலர்ட் மூக்குக்கு நேரே பிடித்து, “ரியல்?” என்று யோர்டிஸைக் கேட்டாள். சந்தையில் மாட்டைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. ஐலர்ட் எழுந்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

மூன்று பேரையும் யோர்டிஸ் வெளியே தள்ளினாள். அவர்கள் அதையும் படம் எடுத்தார்கள். கொட்டகைப் பக்கம் யாரோ போவது தெரிந்து துரத்திக்கொண்டு ஓடினால், ஒரு தடியன் அவளுடைய விறகு அடுக்குமேல் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். அவனை விரட்டிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தால், ஐலர்டின் நாற்காலியில் ஒரு சீமாட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் நீலக் கோப்பை. அவன் எச்சில் பண்ணி வைத்த பாதிக் காப்பியை அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

“அருமை,” என்றாள். “ஆறிப்போயிருக்கு, அவ்வளவுதான்.”

சீ! யோர்டிஸ் அந்தக் கோப்பையைப் பிடுங்கினாள். விளிம்பில் உதட்டுச் சாயம், பன்றி இறைச்சி நிறத்தில். கொதிநீரும் சோடாவும் விட்டு மூன்று தடவை கழுவினாள். மூன்று தடவையும் முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. சாயங்காலம் அடுப்பு மூட்ட விறகுப் பெட்டியில் கை விட்டபோது, கதகதப்பாக ஏதோ தட்டுப்பட்டது. சுருட்டி வைத்த குழந்தை டயப்பர். நிறைந்த டயப்பர்.

அதோடு முடிந்தது. மேசை இழுப்பறையைக் கவிழ்த்துச் சாவியைத் தேடினாள். அவள் அப்பா காலத்துச் சாவி. துருவேறிக் கிடந்த பூட்டு அசையவில்லை. மீனெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து துவாரத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் திருகினாள். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாகப் பூட்டு விழுந்தது. நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஆலையில் லீவு. பத்தரைக்கே காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள், நீலக் கோப்பையை எடுத்து வைத்தாள். சொல்ல வேண்டிய பதிலை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நல்ல மேசை விரிப்பு ஒன்று மாடிப் பெட்டியில் இருந்தது ஞாபகம் வந்து ஏறினாள். பூட்டிப் பழகாத கைக்குத் திறக்கவும் தோன்றவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோது கீழே கைப்பிடி இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. மெதுவாக மேலே போனது. அவள் விழுந்தடித்து இறங்கிச் சாவியைத் திருகித் திறப்பதற்குள், மஞ்சளும் சிவப்புமாக மழைக்கோட்டுகள் நிறைந்த தெருவில் அவன் முதுகு போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். அத்தனை கைபேசிகளுக்கு நடுவில் ஆம்பளை பேரைச் சொல்லிக் கூவ அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வருவான்.

வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இப்போது அவள் கதவை அகலத் திறந்தே வைத்தாள். அவனைத் தவிர எல்லாரும் வந்தார்கள். அவளுடைய உள்ளாடை காய்கிற கொடியைப் படம் எடுத்தார்கள், படுக்கையை அழுத்திப் பார்த்தார்கள், சுவரில் இருந்த அவள் அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பதினோரு மணிக்கு இரண்டு கோப்பை வைத்து, பதினொன்றரைக்கு ஒன்றை அப்படியே எடுத்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் கடையில் அவனைப் பிடித்துவிட்டாள். உருளைக்கிழங்குக் கூடைக்கு முன்னால் நின்றிருந்தான்.

“என்ன ஐலர்ட், உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“காப்பிக்கு வரல?”

“வீட்லயே போட்டுக்கறேன்.” ஒரு கிழங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நீ பதில் சொன்ன விதம் நல்லாத்தான் இருந்துச்சு யோர்டிஸ். வாயால சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் சங்கடம்.”

“நான் எங்க பதில் சொன்னேன்?”

கப்பல்காரர்கள் ஏழெட்டுப் பேர் நடுவில் புகுந்து, பழுப்புப் பாலாடைக்கட்டி எங்கே என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தபோது கிழங்கு கூடையில் இருந்தது, ஐலர்ட் இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்து கைப்பிடியில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பத்தொன்பது வருடம் வாயைத் திறக்காத மனுஷன் வியாழக்கிழமை திறந்தான். வெள்ளிக்கிழமை அவள் கதவு பூட்டியிருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பெண்பிள்ளை இல்லை என்று சொல்ல முடியுமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டாளே! அதுவரை கப்பல்காரர்கள்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அவள்மேலேயே திரும்பியது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கொதிக்கிற கெண்டியை ஒரு கையிலும் நீலக் கோப்பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வந்தாள், எவன் போய் எதில் உட்கார்ந்தால் என்ன? ‘மீனவப் பெண்ணாக நடிக்கிற அம்மா’ கெண்டியோடு போவதைக் கண்டு ஒரு கூட்டம் பின்னாலேயே வந்தது. எச்சில் துப்பலாம் போல இருந்தது. துப்பாமல் நடந்தாள்.

ஐலர்டின் வீட்டுக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினாள். இறங்கியது, கதவு அசையவில்லை.

பூட்டு. அவனும் பூட்டிவிட்டான். அவள் கதவே அவனுக்கு இல்லை என்றான பிறகு, தன் கதவு யாருக்காகத் திறந்திருக்க வேண்டும்?

அறுபத்தொரு வயதில் யோர்டிஸ் எந்தக் கதவையும் தட்டியதில்லை. எத்தனை தடவை தட்டுவது, எவ்வளவு பலமாக என்றுகூட அவளுக்குத் தெரியாது. விரல் முட்டியை மடக்கினாள். தட்டினாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஐலர்டின் குரல், அவனுக்குத் தெரிந்த மொத்த ஆங்கிலத்தையும் திரட்டிக்கொண்டு:

“நோ டாய்லெட்! க்ளோஸ்ட்! கோ ஷிப்!”

பின்னால் நின்ற கூட்டம் கைதட்டியது. யோர்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஐலர்ட், நான்தான்.”

அவள் கதவை ஒட்டி நின்றாள்.

“அன்னிக்குப் பூட்டினது உன்னை நினைச்சு இல்ல, இந்தச் சனியனுங்களை நினைச்சு. உன் கோப்பையில எவளோ வாய வச்சுட்டா, எனக்குப் பொறுக்கல.” தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள். “ரெண்டு வீட்டுக்கும் விறகு எரிக்கிறது வீண்தான். கேட்டுதா? வீண்தான்!”

அப்புறம் பூட்டுக்குள் இரும்பு உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

“யோர்டிஸ்.”

“ம்.”

“சாவி சிக்கிக்கிச்சு. சுத்த மாட்டேங்குது.”

“மீனெண்ணெய் ஊத்து,” என்றாள் அவள், கெண்டியைப் படியில் இறக்கி வைத்துவிட்டு. “அவசரப்படாதே. நான் இங்கதான் நிக்கறேன்.”