ஸ்தேலியோஸ் கேட்ட சம்மதம்

ஸ்தேலியோஸ் கிரேக்கர். தெசலோனிகியில் அவர் படிப்பித்த பள்ளி மூடப்பட்டதும் 2010இல் பாரிசுக்கு வந்தார். ரூ லூயி-பிளாங்க் தெருவில், என் அண்ணன் வரதராசா சமையல் செய்த உணவகத்தில் கோப்பை கழுவினார். ஓய்வுநாட்களில் ஒரு பழைய சுருள் கமராவில் படம் எடுப்பார். ஒரு சுருள் மூன்று நிமிடம் ஓடும், ஒலி கிடையாது. சுருளுக்கு ஒரு கவிதை கிரேக்கத்தில் எழுதி, படம் ஓடும்போது தானே வாசிப்பார். எவரும் அவற்றை வெளியிட்டதில்லை. பார்வையாளர்கள் பெரும்பாலும் நானும் அண்ணனும்தான்.

எங்கள் சனம் கூடும் லா சப்பல் பகுதியில் அப்போது பலரிடம் விசா இல்லை. கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே கேளாமல் எவர் முகத்தையும் எடுப்பதில்லை என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். கமராவைத் தூக்கிக் காட்டி, "ஓமோ?" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி எல்லாரிட்டையும் சம்மதம் கேக்கிறான்," என்று அண்ணன் சிரிப்பார்.

2013 மார்ச்சில் அண்ணன் மாரடைப்பால் இறந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக மகனைக் காணாத அம்மா யாழ்ப்பாணத்தில், சுழிபுரத்தில் இருந்தார். கடைசி முகத்தைப் பார்க்க அவருக்கிருந்த ஒரே வழி செத்தவீட்டு வீடியோ. வழக்கமாக எடுக்கும் சிவமணி ஒரு கலியாணத்துக்காக ஜெர்மனி போயிருந்தார். நான் ஸ்தேலியோசைக் கேட்டேன். அவர் எடுக்கிறார் என்பதால் வேறு எவரும் கைபேசியை வெளியில் எடுக்கவில்லை.

சுருள் கழுவி வர மூன்று வாரமாயிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் ஓடவிட்டார். வாசலில் கழற்றிய சப்பாத்துகள். பூ தூவும் கைகள். கார்க் கண்ணாடியில் மழை. அண்ணனின் முகம் எங்கும் இல்லை.

"முகம் எங்கை?" அண்ணி மிருணாளினி எழுந்துவிட்டார். "மாமிக்கு நான் சப்பாத்தையோ காட்டுறது?"

அவர் கேட்டதை நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"வரதராசாவிடம் எப்படிக் கேட்பது?" என்றார் ஸ்தேலியோஸ். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு நாள் முன்பு திரும்பி வந்தார். பழைய சுருள்கள் எல்லாவற்றையும் தேடியிருந்தார். 2011, ரூ பஜோலில் பிள்ளையார் கோயில் தேர். தேங்காய் உடைத்துவிட்டு அண்ணன் நிமிர்கிறார், கமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பதினொரு வினாடி. சுவரில் ஓடியதைக் கைபேசியில் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினோம்.

"என்னடா சொல்லுறான்? சத்தம் கேக்கேல்லை," என்றார் அம்மா தொலைபேசியில்.

"ஓம் எண்டு சொல்லுறார், அம்மா."

"அப்ப அந்தச் செத்தவீட்டுப் படம் எனக்கு வேண்டாம்."

ஸ்தேலியோஸ் சென்ற மாதம் இறந்தார். மருத்துவமனையில் நான் மட்டும் இருந்தேன். தெசலோனிகியிலிருந்து அவருடைய தங்கை, அவர் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார். அவர் குடியிருந்த அறைக்குப் போய்ச் சுருள்களை ஓட்டிப் பார்த்தேன், நாற்பத்தொன்றையும். எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்ற மனிதர். எதிலும் அவர் இல்லை.

மருத்துவமனைப் பிணவறைக்குப் போனேன். "ஓமோ?" என்று கேட்டேன். பிறகு கைபேசியில் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.