வினோஜா ஒப்பமிட்ட உறுதிமொழி

வினோஜாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், தாயின் பெயர் என்ற இடத்தில் குணலட்சுமி என்று எழுதப்பட்டிருக்கிறது. அதில் பிழை எதுவுமில்லை. 1990ஆம் ஆண்டு ஏப்ரலில், காங்கேசன்துறையில், சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருக்கும் குணலட்சுமிக்கும் இரண்டாவது பிள்ளையாக அவள் பிறந்தாள். இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் ஊரை விட்டு எழும்பியது. தகப்பன் முதலில் கனடா போனார். 1992இல் குணலட்சுமி மூத்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டபோது, இளையவளை அளவெட்டியில் இருந்த தன் அக்கா நாகபூசணியிடம் விட்டுச் சென்றாள். நாகபூசணிக்கும் கணவர் மார்க்கண்டுவுக்கும் பிள்ளைகள் இல்லை. "ஒரு வருசத்திலை கூப்பிடுறன்" என்பது பேச்சு. அந்த ஒரு வருசம் முடியவேயில்லை.

யாரும் எந்தத் தாளிலும் எதையும் எழுதவில்லை. அக்காவிடம் பிள்ளையைக் கொடுப்பதற்கு யார் நீதிமன்றம் போவார்கள்? 1995 இடப்பெயர்வில் ஐந்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் இருத்தி மார்க்கண்டு கொடிகாமம் வரை தள்ள, நாகபூசணி பின்னால் பானை சட்டியோடு நடந்தாள். பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகளில் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்ற கோட்டின் மேல் பதின்மூன்று வருடமும் ஒப்பமிட்டவள் அவளே. சாய்கோட்டுக்கு எந்தப் பக்கத்து ஆளாக ஒப்பமிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வினோஜா அவளை அம்மா என்றாள். தொலைபேசியில் பேசுகிறவளைக் கனடாம்மா என்றாள். வீட்டில் எவருக்கும் இது குழப்பமாக இருந்ததில்லை.

வினோஜா ஆசிரியையானாள். கணவர் யதுசனுக்கு மன்னாரில் வேலை. கிழமை முடிவில் வருவார். 2020 நவம்பர் 16ஆந் திகதி, கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுமாணிக் கற்கைக்குப் பதிந்தாள். அதன் யாழ்ப்பாணக் கிளை திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. சனிக்கிழமைகளில் வகுப்பு. ஆய்வுத் தலைப்பு, ஒன்பதாந் தரத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு விலகும் பிள்ளைகள். மேற்பார்வையாளர்கள் இருமுறை மாறினார்கள். முதலாமவர் வெட்டச் சொன்ன அத்தியாயத்தை இரண்டாமவர் திரும்ப எழுதச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுத்தாள். பதிவின் உச்சக் காலம் நான்கு வருடம். 2024 நவம்பர் 15க்குள் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்ற வேண்டும்; தவறினால் படித்த பாடம் அனைத்தும் கணக்கில்லாமற் போகும்.

ஒக்ரோபர் 21ஆந் திகதி, திங்கட்கிழமை விடியற்காலை, நாகபூசணி இறந்தாள்.

செத்தவீட்டுத் துடக்குக் காலத்தில் ஆய்வேடு எழுதுவது எப்படி என்று எந்தக் கைநூலிலும் இல்லை. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் கேட்கும்போது கடைசி நாளைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் முதலாந் திகதி, குசினிச் சுவரில் சாய்ந்தபடி வினோஜா கைத்தொலைபேசியில் துக்க விடுப்புப் படிவத்தைத் திறந்தாள். மரணத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் அதை அனுப்ப வேண்டும். அன்று பன்னிரண்டாம் நாள். பல்கலைக்கழகக் கைநூலின் ஏழாம் பிரிவு, மூன்றாம் உபபிரிவு: நெருங்கிய குடும்பத்தவர் இறந்தால் அறுபது நாள் மேலதிக காலம். இறந்தவர் யார் என்ற இடத்தில் ஆறு தெரிவுகள். தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார். அவள் முதலாவதைத் தொட்டு அனுப்பினாள். யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு அங்கே என்ன இருந்தது?

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது நவம்பர் 20இல். அதற்குள் 15ஆந் திகதி கடந்துபோய்விட்டது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை ஆய்வேட்டை ஏற்ற முடியாதபடி இணையப் பக்கமும் பூட்டப்பட்டிருந்தது. 25ஆந் திகதி, பல்கலைக்கழகம் கேட்டபடி இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அனுப்பினாள். டிசம்பர் 5ஆந் திகதி பதில் வந்தது: இரண்டு பத்திரங்களிலும் உள்ள பெயர்கள் பொருந்தவில்லை, மேலும், விண்ணப்பதாரியின் ஆரம்பப் படிவத்தின்படி தாயார் கனடாவில் உயிருடன் இருக்கிறார், பொய்த் தகவல் குறித்து விளக்கமளிக்கவும்.

அந்தச் சனிக்கிழமை மேல்மாடிக்கு ஏறினாள். முன்மேசையில் தாரிகா இருந்தாள், கிளையின் இணைப்பாளர், இருபத்தாறு வயது. வினோஜாவைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"ரீச்சர், எனக்கு விளங்குது. எங்கடை வீட்டிலையும் சித்திதான் வளர்த்தவ. ஆனா சிஸ்ரத்திலை வளர்த்தவ எண்டு ஒரு பெட்டி இல்லை."

"பெட்டி இல்லாட்டி நான் என்ன செய்ய? அவ செத்ததுக்கு நான் மற்ற ஐஞ்சிலை ஒண்டையே போடுறது?"

"ஏதும் ஆதாரம் இருந்தாக் கொண்டு வாங்கோ. நான் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கிறன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது, முற்றத்தில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்த மார்க்கண்டு நிமிராமலே கேட்டார்:

"ஆதாரமோ? கொம்மா உன்னைத் தூக்கித் திரிஞ்சதுக்கு ரசீது வாங்கி வைக்கேல்லை. சேர்க்கேக்கை ஆர் பெத்தது எண்டு உவங்கள் கேட்டவங்களே?"

"கேட்டவை அப்பா. நான்தான் கனடாம்மான்ரை பேரை எழுதினனான். பிறப்புப் பத்திரத்திலை உள்ளபடி எழுதச் சொன்னவை."

"அப்ப உண்மையைச் சொல்லி மாட்டுப்பட்டிட்டாய்" என்றார் அவர். "பொய்யைச் சொல்லியிருந்தா இப்ப கெட்டிக்காரி."

ஆதாரம் தேடியபோது அவள் கைக்கு முதலில் வந்தது கல்வெட்டு. முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகம் அது. தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் குடும்பப் படங்களும் கொண்டது. அதன் இரண்டாம் பக்கத்தில், அச்சில், 'வினோஜாவின் பாசமிகு தாயாருமாவார்' என்று இருந்தது. ஊரெல்லாம் கையில் வைத்திருக்கும் எழுத்து. இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று நினைத்து, டிசம்பர் 14ஆந் திகதி அதையே கொண்டுபோனாள்.

தாரிகா இரண்டாம் பக்கத்தை வாசித்தாள். முகம் மலர்ந்தது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள், பதினான்காம் பக்கத்தில் நின்றாள்.

அது வம்சாவளி. குடும்பத்தில் பதிவுகளைப் பேணுகிறவர்கள் பிறப்புப் பதிவைப் பார்த்தே கோடு கீறுவது வழக்கம். ஐந்து தலைமுறை, பிழையில்லாமல். அதில் குணலட்சுமியின் பெயருக்குக் கீழே இரண்டு கோடுகள். இரண்டாவதன் முனையில் வினோஜா. நாகபூசணி - மார்க்கண்டு என்ற பெயர்களுக்குக் கீழே வெள்ளைத்தாள்.

"ரீச்சர்," என்றாள் தாரிகா மெல்ல, "இதை நான் அனுப்பாமல் விடட்டே?"

வினோஜா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்து, சரி என்று சொன்னவளும் அவளே. அன்று அதில் ஒரு குறையும் அவள் கண்ணில் படவில்லை. சொந்தக்காரர் கண்ணுக்கு அந்த வெள்ளைத்தாளிலும் தாங்கள் அறிந்தது தெரியும்.

டிசம்பர் 21ஆந் திகதி, துணைப் பதிவாளர் எமில்ராஜ் கொழும்பிலிருந்து கணினித் திரையில் தோன்றினார். மரியாதையாகவே பேசினார். அதுதான் அவளை அதிகம் எரிச்சற்படுத்தியது.

"நீங்க சொல்றது மனிதாபிமானமா எனக்கு விளங்குது மிசிஸ் வினோஜா. ஆனா பொலிசி எல்லாருக்கும் ஒண்டுதான். உங்களுக்கு நான் வளைஞ்சா நாளைக்கு ஒவ்வொருத்தரும் பெரியம்மா, மாமி எண்டு வருவாங்க."

"வரட்டும் சேர். அவையளையும் ஆரும் வளர்த்திருப்பினம்."

"பொய்த் தகவல் எண்டு ஒழுக்காற்றுக் குழுவுக்குப் போகாம முடிக்கத்தான் நான் பாக்குறேன். ஒரு உறுதிமொழி தாங்க. இறந்தவர் என் தாய் அல்லர், தாயின் சகோதரி, தவறுதலாகத் தாய் எனக் குறிப்பிட்டேன் எண்டு. தந்தீங்கண்டா கருணை அடிப்படையில அறுபது நாள் தர நான் சிபாரிசு செய்வேன்."

"தவறுதலா எண்டதை எடுத்திட்டுத் தரலாமோ?"

"அது ஃபோமற்" என்றார் எமில்ராஜ். "மாத்த முடியாது."

இனி இருந்தது ஒரே ஒரு வழி. அன்றிரவே கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். பிள்ளையை அக்காவிடம் கொடுத்தேன், அவளே தாயாக வளர்த்தாள் என்று குணலட்சுமி ஒரு கடிதம் எழுதி ஒப்பமிட்டால், உறுதிமொழி தேவைப்படாமல் போகலாம். அதை அவளிடம் கேட்டாள்.

"என்னை உயிரோடை வைச்சுக்கொண்டு, அம்மா செத்துப்போனா எண்டு எழுதினியோ பிள்ளை?"

"அப்பிடி இல்லை, கனடாம்மா…"

"வேறை எப்பிடி? அக்கா உன்னை வளர்த்தவதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா குடுத்திட்டன் எண்டு என்ரை கையாலை எழுதித் தந்தா, பிறகு எனக்கு உன்னட்டை என்ன இருக்கு? அந்தப் பத்திரத்திலை கிடக்கிற பேர் ஒண்டுதானே இருக்கு." மூக்கைச் சிந்துகிற ஒலி கேட்டது. "அவங்கள் கேட்ட தாளிலை கையெழுத்தை வைச்சு விடு. அக்கா ஒண்டும் நினைக்க மாட்டா."

யதுசனும் அதையே சொன்னார். "ஒரு தாள்தானே வினோ. நாலு வருசத்தை ஒரு தாளுக்காக விடுறதோ?"

அந்தக் கிழமை முழுவதும் வினோஜா ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதினாள். டிசம்பர் 26ஆந் திகதி முடித்தாள். இருநூற்றுப் பதினோரு பக்கம். பிள்ளைகள் விலகுவதற்குக் காரணம் சோம்பலன்று, பள்ளிக்கூடத்தின் படிவங்களுக்குள் அடங்காத வீட்டு நிலைமைகளே என்பது அவளது முடிவுரை. அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது.

28ஆந் திகதி, சனிக்கிழமை, மேல்மாடிக்குப் போய், தாரிகா அச்செடுத்து வைத்திருந்த தாளில் ஒப்பமிட்டாள். பேனை முதலில் எழுதவில்லை. ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்த பின்னர் எழுதியது. வீட்டுக்கு வந்து மார்க்கண்டுவிடம் சொன்னாள். அவர் "சரி. இனி உன்ரை படிப்பைப் பார்" என்றார். பின்னர் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார். வழக்கமாக அப்படிச் செய்கிறவரல்லர்.

ஜனவரி 6ஆந் திகதி, பாடசாலை இடைவேளையில், முடிவு மின்னஞ்சலில் வந்தது. கருணை அடிப்படையில் அறுபது நாள் வழங்கப்பட்டது. முதல் வரியை வாசித்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. இரண்டாம் வரியில், அந்த அறுபது நாளும் விண்ணப்பம் கிடைத்த நவம்பர் முதலாந் திகதியிலிருந்து கணக்கிடப்படும் என்றிருந்தது. மூன்றாம் வரியில், அதன்படி மேலதிக காலம் 2024 டிசம்பர் 31ஆந் திகதியுடன் முடிவுற்றது. குறித்த காலத்தில் ஆய்வேடு கிடைக்காமையால் பதிவு நீக்கப்பட்டது. நான்காம் வரியில், புதிய கற்கைக்கு மீண்டும் பதிய விரும்பும் முன்னாள் மாணவர்கள் அன்புடன் வரவேற்கப்படுகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை தாரிகா அவளைக் கண்டதும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது ரீச்சர். முடிவு வாற நாளிலிருந்துதான் அறுபதையும் எண்ணுவினம் எண்டு நினைச்சன். டிசம்பரிலை பூட்டைத் திறந்துவிடச் சொல்லி மூண்டு தரம் கேட்டனான். முடிவு வரட்டும் எண்டினம். மேன்முறையீடு போடுவமோ? படிவம் இருக்கு."

"போடலாம். பிறகு பாப்பம்." வினோஜா கைப்பையை மேசையில் வைத்தாள். "நான் அதுக்கு வரேல்லை. நான் சைன் வைச்ச தாளைத் தாங்கோ."

"எந்தத் தாள்?"

"அம்மா, அம்மா இல்லை எண்ட தாள்."

தாரிகா கைநூலைத் திறந்தாள். விரலால் தேடினாள். "ஒப்படைச்ச ஆவணம் ஒண்டும் திருப்பிக் குடுக்கிறேல்லை எண்டு கிடக்கு, ரீச்சர். ஒறிஜினல் கொழும்பிலை, உங்கடை ஃபைலுக்கை. வேணுமெண்டா இஞ்சை இருக்கிறதிலை ஒரு கொப்பி அடிச்சுத் தாறன்."

"கொப்பியை வைச்சு நான் என்ன செய்ய? எனக்கு அது வேணுமெண்டு கேக்கேல்லைத் தங்கச்சி. உங்களிட்டை அது இருக்கப்படாது."

தாரிகா இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்: ஆவணங்கள் தொடர்பான வேண்டுகோள். முதலாவது கட்டம் மாணவரின் முழுப்பெயர். வினோஜா இருந்த இடத்திலேயே எழுதத் தொடங்கினாள். இரண்டாவது கட்டம் பதிவு இலக்கம். அது நீக்கப்பட்ட இலக்கம் என்பதால் இப்படிவம் ஏற்கப்படுமா என்று தாரிகாவுக்கும் தெரியவில்லை. ஆனாலும் வினோஜா அதை எழுதினாள், திகதியிட்டாள், தன் கையாலேயே ஒரு பிரதி எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பின்னர் ஐந்து சனிக்கிழமைகள் போய்க் கேட்டிருக்கிறாள். இதை எழுதும் நாள்வரை அந்தத் தாள் கொழும்பிலேயே இருக்கிறது.